ரப்பர் சீலும் ஒரு பதவி உயர்வும்

பரிசோதனைக்கூடத்தில் ஒன்பது வருஷமாக மாடாய் உழைத்தவளை, முதலாளி முதல்முறையாகத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார்.

“ஹைட்ரஜன் பஸ்ஸோட எரிபொருள் மின்கலத்துல வாயுவை அடைக்க நாம போடற ரப்பர் சீல் மூவாயிரம் மணி நேரத்துல இறுகி விரிசல் விட்டுடும், வாயு கசியும்னு எழுதினது நீங்கதானே?”

“ஆமா சார். மூணு தடவை எழுதினேன். யாரும் காதுல போட்டுக்கல.”

“தப்பு எங்க மேலதான். இனிமே தரக் கட்டுப்பாட்டுக்கு நீங்கதான் தலைவர். அந்த ரிப்போர்ட்டையெல்லாம் கொண்டு வாங்க, நானே படிக்கறேன்.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் ஒரு காகிதம் விடாமல் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நியமனக் கடிதத்தைப் பார்த்ததும் தயங்கினாள். “சார், போன வருஷத் தேதி போட்டிருக்கே?”

“எப்பவோ குடுத்திருக்க வேண்டியதும்மா. சீனியாரிட்டியாவது கிடைக்கட்டும்.”

இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் கரித்துக்கொட்டினோமே என்று வெட்கப்பட்டபடியே கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் கணவனுக்குப் போன் செய்தாள்.

“ஏங்க, என்னைத் தலைவராக்கிட்டாங்க.”

“நீ டிவி பாக்கலையா? காலையில ஒரு ஹைட்ரஜன் பஸ் எரிஞ்சு பதினோரு பேர் போயிட்டாங்க. வாயு கசிஞ்சிருக்காம்.”

திரும்பி ஓடினாள். முதலாளி எதிரே இரண்டு போலீஸ்காரர்கள் அவள் கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவங்கதான் சார்,” என்றார் முதலாளி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி. “ஒரு வருஷமா ஒவ்வொரு சீலுக்கும் இவங்கதான் பொறுப்பு.”