இன்னும் ஒரே ஒரு வேலை

“எங்கலா உள்ள எறங்குறது? ஓட்டையே காணோமே” என்று பிச்சைமுத்து படகை ஒருமுறை சுற்றி வந்தார்.

“உள்ள எறங்க வேணாம் அண்ணே. மேலயே ஒக்காந்து ஓட்டுறது” என்றான் ஸ்டானிஸ்லாஸ். “மீன் புடிக்க இதான் தோதுன்னாங்க. நமக்கு மீனுன்னா உசுரு.”

ஈப்போவில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியக்காரர் ஒருவரிடம் வாங்கிய ஃபைபர் கயாக் படகு அது. தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று, ஒரு கொக்கி மாட்டக்கூட இடமில்லாமல் இருந்தது. அதை டட்சன் காரின் கூரையில் கட்டி, பத்து காஜா என்ற ஊரில் இருந்த பிச்சைமுத்துவின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தான்.

பிச்சைமுத்து ஈயம் தோண்டும் கப்பலில் வெல்டராக இருந்தவர். ஈய விலை விழுந்து கப்பல் நின்றதும் பட்டறை போட்டார். பழைய ஈயச் சுரங்கக் குளங்களில் தூண்டில் போடுவதிலும், லூமுட் கடலில் முங்கி ஈட்டியால் மீன் குத்துவதிலும் அந்தப் பக்கம் பெயர் போனவர்.

“தூண்டிலா, ஈட்டியா?”

“ரெண்டும் அண்ணே.”

“எந்த மீனுக்கு?”

ஸ்டானிஸ்லாஸ் யோசித்தான். “பெரிய மீனுக்கு.”

பிச்சைமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டிரில்லை எடுத்தார்.

உண்மையில் ஸ்டானிஸ்லாஸ் மீனைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவன். ஈப்போவில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். பிச்சைமுத்துவின் ஒரே மகள் பாப்பாவின் புருஷன்.

பாப்பா சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்ட அன்று, “எனக்கு மகளே இல்ல” என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர் பிச்சைமுத்து. மாப்பிள்ளையை அவர் நேரில் கண்டதே இல்லை. அனுப்பிய கல்யாணப் போட்டோவும் போன வேகத்தில் திரும்பி வந்தது. பார்த்தே இருக்கமாட்டார் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவுகட்டினார்கள்.

அம்மா இல்லாத குடும்பம், நடுவில் நின்று பேச ஆளில்லை. “எங்கப்பா வாயத் தொறந்தா மீனுக்குத்தான் தொறப்பாரு” என்று பாப்பா ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள். மறுவாரமே ஸ்டானிஸ்லாஸ் படகு வாங்கிவிட்டான்.

முதலில் தூண்டில் கம்பு செருக இரண்டு பிவிசி குழாய்கள். துளை வழியே தண்ணீர் இறங்காதபடி ரப்பர் வைத்து முடுக்கினார் பிச்சைமுத்து. வேலை முடிந்தது, தான்தான் மாப்பிள்ளை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “இன்னும் ஒரே ஒரு வேலை இருக்கு அண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த சனிக்கிழமை ஈட்டி மாட்டக் கொக்கிகள். அதற்கடுத்து நங்கூரம். பிறகு ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு, கவிழ்ந்தாலும் துடுப்பு மிதந்து போகாமலிருக்க ஒரு கயிறு. மத்தியானம் இருவரும் பக்கத்துக் காப்பிக்கடைக்குப் போவார்கள். பிச்சைமுத்து சேறு குடிக்கும் மீன், வெள்ளி மீன், ஆளை இழுத்துக்கொண்டு போன மீன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்டானிஸ்லாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

தமிழன் ஒருத்தனைப் பார்த்தால் எந்த எஸ்டேட், யார் மகன், என்ன பேர் என்று கேட்காமல் காப்பியைத் தொடமாட்டார்கள் அந்த வட்டாரத்தில். பிச்சைமுத்து இத்தனை வாரமாக ஒன்றையும் கேட்கவில்லை. அவருக்கு மீன் நினைப்பு, நமக்கு நல்ல காலம் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு வாரமும் அவன் திரும்பும்போது வீட்டு வாசலிலேயே நிற்பாள் பாப்பா. “சொல்லிட்டீங்களா?”

“அடுத்த வாரம்.”

“அப்பா எளைச்சிட்டாரா?”

“இல்ல. நல்லா கத்துறாரு.”

அதைக் கேட்டபிறகுதான் அவள் சமையற்கட்டுக்குப் போவாள்.

கடைசியில் படகில் ஆணி வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. இனி எதை மாட்டினாலும் படகு முங்கிவிடும் என்று பிச்சைமுத்து சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வரும் வழியெல்லாம் ஸ்டானிஸ்லாஸ் காருக்குள் “மாமா… மாமா…” என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தான்.

இருவரும் படகைத் தூக்கிக் காரின் கூரையில் வைத்தார்கள். பிச்சைமுத்து கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஸ்டானிஸ்லாஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். “நான் ஒண்ணு சொல்லணும்…”

“சொல்லு தம்பி.”

அதற்குள் அவர் கையில் சுத்தியல் வந்திருந்தது. கண்ணும் அவன்மேலேயே இருந்தது. பழகிவைத்த வார்த்தை எங்கோ போய்விட்டது.

“ரொம்ப… ரொம்ப தேங்ஸ் அண்ணே.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் அண்ணே.”

தன்னையே திட்டிக்கொண்டு காரில் ஏறினான். இனி இந்தப் பக்கம் வரக் காரணமே இல்லை. வீட்டுவாசலில் பாப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. சாவியைத் திருகினான். வண்டி நகரப்போகும்போது பிச்சைமுத்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். அவன் இறக்கினான்.

அவர் குனிந்து, எப்போதும் பேசும் அதே குரலில் சொன்னார்:

“பாப்பாவ மட்டும் இதுல ஏத்திராதீங்க மாப்புள்ள, அவளுக்கு நீச்சல் வராது.”