முதலில் போனவள்

மலேசியாவில், குருபோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அது. பல் பரிசோதிக்க வரும் தாதியான 'பல் மிஸ்ஸி' அதீபா நூலகத்தில் நாற்காலி போட்டுவிட்டார் என்றதுமே, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிற்று வலி வந்துவிட்டது.

"இப்படிப் பயந்தா எப்படி? முதல்ல போறவங்களுக்கு இந்தத் 'தைரியசாலி' பேட்ஜ்," என்றார் உஷாராணி டீச்சர். போன ஆண்டு வகுப்பே கழிவறையில் ஒளிந்துகொண்டதற்குத் தலைமையாசிரியர் அவரைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

லோஷினி எழுந்தாள். "நான் போறேன் டீச்சர்."

இரண்டே நிமிடத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"வலிச்சிச்சா?" என்றான் விமலன், வாயைப் பொத்தியபடி.

"கொஞ்சங்கூட வலிக்கல லா. நாற்காலி ஜம்முன்னு சாயுது. மிஸ்ஸி நல்லாப் பேசுறாங்க."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. பேட்ஜைக் குத்திவிட்டார். அதன் பிறகு லோஷினியே ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் நூலக வாசலில் விட்டுவிட்டு வந்தாள். ஓய்வு நேர மணி அடிப்பதற்குள் எல்லாருக்கும் பல் பார்த்து முடித்தாயிற்று. ஓர் அழுகைச் சத்தம் இல்லை.

அதீபா மிஸ்ஸி பெயர்ப் பட்டியலோடு வகுப்புக்கு வந்தார். "இன்னும் ஒரு ஆள் பாக்கி டீச்சர். லோஷினி யாரு?"

"அவதானே முதல்ல வந்தா?"

"அந்தப் பிள்ளையா? 'ஆரம்பிக்கலாமான்னு டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க'ன்னுச்சு. நாற்காலியில ஒரு தடவ சாஞ்சு பார்த்துட்டுப் போயிடுச்சு."

உஷாராணி திரும்பிப் பார்த்தார். கடைசி மேசைக்கு அடியில் பேட்ஜ் மின்னியது.

"எல்லாருக்கும் நான் தைரியம் சொன்னேன் டீச்சர்," என்றது அங்கிருந்து ஒரு குரல். "எனக்குச் சொல்லத்தான் ஆளில்ல."