தீனி நின்ற மூலை

ஒயின்ஷாப்பை ஒட்டிய சந்தில், மதில் நிழலில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்பாவேதான்.

ஜெயபிரியா ஸ்கூட்டியை நடுத்தெருவிலேயே நிறுத்தினாள். பின்னால் வந்த உப்பு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அடிக்கட்டும்.

உங்கப்பாவை அங்கே பார்த்தோம் என்று சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டிருக்கிறாள். அம்மா செத்த அன்றைக்கே குடியை விட்டவர் அவர் என்று வாய் கிழியப் பேசியிருக்கிறாள்.

விலங்கியல் படித்தவளுக்கு இது தெரியாதா? தீனி கிடைத்த மூலையை எலி மறக்காது. மூளையில் இடத்தை நினைவில் வைக்கிற பகுதியிலிருந்து ஆசையைக் கிளப்புகிற பகுதிக்கு நரம்பு ஓடுகிறது. தீனி நின்றுபோன பிறகும் கால் தானாக அந்த மூலைக்குப் போகும். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கினாள். அந்த எலி தன் வீட்டிலேயே சோறு தின்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

சென்னையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மனுஷனுக்காகத்தான் போகாமல் இருக்கிறாள். குடித்திருந்தால் இன்றோடு சரி.

"அப்பா!"

அப்பா ரோச் அசையவில்லை.

கிட்டே போய்க் குனிந்து முகர்ந்தாள். வியர்வை. பீடி. வேறொன்றும் இல்லை.

எதிரே மீன் பொரித்துக்கொண்டிருந்த செல்லக்கிளி கரண்டியை ஓங்கினாள்.

"ஏளா, பெத்த தகப்பன மோந்து பாக்கியே, நீ என்ன நாயா? ஒரு சொட்டு தொடல அந்த மனுசன். உங்கம்மா வந்து சத்தம் போட்டுக் கூட்டிட்டுப் போவால்லா, அந்த நேரத்துக்கு வாராரு. சும்மா இருந்துட்டுப் போறாரு."

அந்தச் சத்தம். மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு மத்தியானம் அம்மா இங்கே வந்து நிற்பாள். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஒயின்ஷாப் வாசலில் தன் பெயர் ஏலம் போவதைக் கேட்டு, கூடப் படித்தவர்கள் சிரித்த சிரிப்புக்கு, ஜெயபிரியா அம்மாவோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

தீனி எது என்பதையே தப்பாகப் படித்திருக்கிறாள்.

அம்மா நிற்கிற இடத்தில் போய் நின்று, அவளைப் போலவே கத்தினாள்.

"ஏ ஜெயபிரியா அப்பா! சோறு ஆறுது, வாரியளா இல்லியா?"

ரோச்சின் முதுகு நிமிர்ந்தது.

"வாரேம்ளா" என்றார்.

திரும்பிப் பார்க்கவில்லை.