ஏரிக்கரை வேண்டுதல்

"அப்பா, வண்டி கிளம்புமா, கிளம்பாதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

மகள் கத்தியும், மெக்கானிக் அப்பா பானெட்டுக்குள் விட்ட தலையை எடுக்காமல் வயரைத் திருகிக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற கார்களையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனிடம் சொந்தக் கார் காலையிலிருந்து சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது.

மணி பன்னிரண்டு. மாலை ஆறுக்குள் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். நாளைக் காலை ஆபரேஷன். மகளின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அம்மாவுக்கு வைக்கப் போகிறார்கள். இந்தத் தேதி தவறினால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம் ஆகும், அதுவரை உடம்பு தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

இந்த ஏரிக்கரைக்கு வந்து கூடாரம் போட்டதே அம்மாவின் ஆசையால்தான். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி, நாங்க மூணு பேரும் மட்டும்" என்று டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள். வந்த நேரமோ என்னவோ, தொட்டதெல்லாம் கோணல். கூடாரக் கம்பி ஒன்று வீட்டிலேயே தங்கிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு நனைந்து, சாப்பாடு பிஸ்கெட்டோடு முடிந்தது. பக்கத்தில் தங்கியிருந்தவர்கள் மழைக்குப் பயந்து நேற்றே மூட்டை கட்டிவிட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. பெரிய சாலைக்குப் பதினோரு கிலோமீட்டர்.

அம்மா மரத்தடியில் ஈரப் போர்வையின் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அதே கோலம்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"கடவுள் கேக்கறாராம்மா?" என்றாள் மகள்.

"கேப்பாரு. கேக்காம எங்க போயிடப் போறாரு? நீ பதறாதே."

"உங்கம்மா கும்பிடற கடவுளுக்கு இஞ்சின் வேலை தெரியாது. அவரை எதுக்குத் தொந்தரவு பண்றா?" என்றார் மெக்கானிக். கண்ணால் பார்த்து, கையால் தொட்டால்தான் அவருக்கு நம்பிக்கை.

"எல்லாம் தெரிஞ்ச நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க?" சொன்ன பிறகு மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஸாரிப்பா."

பேட்டரி, வயர், ப்ளக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பாக்கி ஃப்யூஸ் பெட்டி ஒன்றுதான். போன வாரம் தன் கையால் சரிபார்த்தது என்ற தைரியத்தில் அதுவரை அதைத் தொடவில்லை. மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைக் காணோம். தீப்பெட்டியில் பாதி இருக்கும் கறுப்புக் கட்டி. அது தானாகக் கழன்று விழாது. யாராவது இழுத்துப் பிடுங்க வேண்டும்.

விடிகிற நேரத்தில் மகள் எழுந்து கூடாரத்தை விட்டு வெளியே போனதை அவர் பார்த்திருந்தார். இருபது வயசு. உடம்பை அறுத்துக் கொடுப்பது என்ன விளையாட்டா? 'தரேன்'னு சொன்னதும் சந்தோஷப்பட்டேனே தவிர, பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டேனா பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலேதான். அதைப் பிடுங்கி இதில் செருகினால் வண்டி கிளம்பிவிடும். கிளம்பினால், மனசில்லாத மகளை இழுத்துக்கொண்டு போவதாகும். கிளம்பாவிட்டால் மனைவி இல்லை. அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இங்க வாம்மா. அப்பாகிட்ட உண்மையைச் சொல்லு. ஆபரேஷனுக்குப் பயமா இருக்கா?"

மகள் தரையைப் பார்த்தாள். "இருக்குப்பா. ராத்திரி பூரா தூங்கல."

"வேணாம்னு தோணினா இப்பவே சொல்லிடு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"பயமா இருக்குன்னுதானே சொன்னேன், வேணாம்னா சொன்னேன்? எனக்கு அம்மா வேணும்ப்பா. வண்டியைக் கிளப்புங்க."

காலையில் புத்தி தடுமாறியிருக்கிறாள், இப்போது மனசு மாறிவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். ரிலேயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தலைகுனிய வைத்து என்ன ஆகப் போகிறது? ஹாரன் ரிலேயைப் பிடுங்கிச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரே திருகில் உறுமியது.

"அம்மா! கிளம்பிடுச்சும்மா!" மகள் ஈர மண்ணில் சறுக்கிக்கொண்டே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "காலையிலேர்ந்து உட்கார்ந்து வேண்டினியே, பலிச்சிடுச்சு! இனிமே நானும் கடவுளை நம்பறேன்."

அம்மா மகளின் தலையைத் தடவினாள். கண்ணீர் நிற்காமல் கொட்டியது. மகள் கூடாரத்தைச் சுருட்ட ஓடினாள்.

மெக்கானிக் மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்பினார். "இந்தத் தடவை உன் ஆள்தான் ஜெயிச்சாரு, ஒத்துக்கறேன். நீ வேண்டினது வீண் போகல."

"வீணாத்தாங்க போச்சு, அவ உடம்புல கத்தி படக் கூடாதுன்னுதானே வேண்டினேன்" என்றாள் அவள், மகளுக்குக் கேட்காத குரலில். "இருபது வருஷமா பட்டறையில உங்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவ நான். ஹாரனுக்கும் அதே ரிலேதான்னு எனக்குத் தோணாமப் போச்சே!"