அரைச் சுற்று

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பா, லீவில் வீட்டுக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பொம்மை விமானம் கொண்டுவந்தார். புதுசு என்றார். அதன் குட்டி எஞ்சின் புகையைக் கக்கிவிட்டு அணைந்துகொண்டே இருந்தது. அம்மாவும் நானும் மெக்கானிக் ஜெபமணியிடம் எடுத்துப்போனோம்.

"திருகாணிய குளிருக்கு ஏத்தாப்ல வச்சிருக்காங்க அக்கா. பெட்ரோல் கூடுதலாப் போகுது. குளிர் ஊர்ல யாரோ நல்லா ஓட்டியிருக்காங்க," என்றபடி அவர் திருகாணியை அரைச் சுற்று இறுக்கினார். எஞ்சின் சீராக ஓடியது.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "உப்பளத்துல வெயில் எப்படி?"

"மண்டையப் பொளக்குது."

அப்பா மறுபடி தூத்துக்குடிக்குக் கிளம்பிய காலையில், அம்மா திருகாணியைப் பழையபடி அரைச் சுற்று தளர்த்தி, விமானத்தை அவர் பெட்டியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. இந்த வெயிலுக்கு இது ஓடாது."

அப்பா பெட்டியை மூடினார். உப்பளத்திலும் வெயில்தானே என்று அவர் கேட்கவில்லை.