ஷாவே துரை

“சாவிங்கிறது தமிழ் வார்த்தையே இல்லையாம், போர்த்துகீசியர் கப்பலில் வந்ததாம்” என்று வாசல் கதவைப் பூட்டிக்கொண்டே நளாயினி போனில் யாரிடமோ சொன்னாள். அது சாவியின் காதில் விழுந்துவிட்டது.

சாயங்காலம் அவள் வந்து பூட்டுக்குள் நுழைத்தபோது சாவி அசையவே இல்லை.

“என்னண்ணே, திரும்புங்க” என்றது பூட்டு.

“அண்ணனா? போர்த்துகீசியத்தில் என் பேர் ஷாவே. இனிமே ஷாவே துரைன்னு கூப்பிடு. நான் லத்தீன் வம்சம். இத்தாலியில் கியாவே, ஸ்பெயினில் யாவே, மொரீஷியஸ் கிரியோலில் லக்லே, எல்லாரும் என் சொந்தக்காரங்க.”

பூட்டு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டது. “அவங்கல்லாம் அங்க என்ன வேலை பாக்குறாங்க?”

“கதவு திறக்குறாங்க” என்றது சாவி, மெல்ல.

அதற்குள் நளாயினி பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கிவந்து பூட்டுக்கு நேராக ஓங்கினாள்.

“துரைன்னு சொல்லிடு, திரும்பிடுறேன். உடையப்போறது நீதானே” என்றது சாவி.

“நான் உடைஞ்சு போனா, அப்புறம் நீங்க எதைத் திறப்பீங்கண்ணே?”

சுத்தியல் இறங்குவதற்குள் சாவி ஒரு முழுச் சுற்று சுற்றியது.