மொட்டை மாடியில் ஒரு பரீட்சை

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மனைவி கையெடுத்துக் கும்பிடாத குறைதான். கடிகாரக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே முறைத்தார்.

"நான் எதுக்குப் பேசப் போறேன்? உன் பரீட்சை, உன் செடி. நான் பாட்டுக்கு ஓரமா நிக்கிறேன்."

"நிப்பீங்க. நின்னுக்கிட்டே பேசுவீங்க. அதானே என் பயம்."

பூங்காவில் நடக்கும் தோட்டப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை அது. தேறியவர்கள் மற்றவர்களுக்கு வீட்டுத் தோட்டம் போடச் சொல்லிக் கொடுக்கலாம். சம்பளம், கிம்பளம் எதுவும் கிடையாது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஓர் ஆள் தேவையாம். அந்த வேலை மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

போன தடவை டாண் டாணென்று எல்லாவற்றையும் சொல்லியும் ஃபெயில். "ஒண்ணுகூடத் தப்பாச் சொல்லாம எப்படிடி ஃபெயில் ஆனே?" என்று இவர் கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒரு வாரம் வீட்டில் பேச்சுமூச்சு இல்லை. கடையில் அத்தனை கடிகாரமும் ஓடியது, அந்த வாரம் மட்டும் நகரவேயில்லை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் மறுபடி வாய்ப்பு கிடையாது.

சோதிக்க வந்த அம்மாள் மாடி ஏறி, மூச்சு வாங்கி, கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பிங்க."

மனைவி தக்காளித் தொட்டியருகே நின்று தொண்டையைச் செருமினாள். "இதுக்குக் காலையில ஒரு வாளி, சாயந்திரம் ஒரு வாளி, தினமும் தண்ணி ஊத்தணும் மேடம்."

கடிகாரக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தார். ம்ஹூம்.

"அடிப்பாவி, வேர் அழுகிடும்டி! மேடம், பதட்டத்துல உளர்றா. மண்ணுக்குள்ள இப்படி விரலை விட்டுப் பார்க்கணும். காஞ்சிருந்தாத்தான் தண்ணி." சொன்னதோடு நிற்காமல் விரலை விட்டும் காட்டினார்.

"என்னங்க!"

"சரி, சரி. இனிமே பேசல."

மனைவி மிளகாய்ச் செடிக்கு நகர்ந்தாள். "இலை சுருண்டிருக்கு பாருங்க மேடம். வெயில் ஜாஸ்தி. இடத்தை மாத்தினாச் சரியாயிடும்."

"வெயிலாவது மண்ணாங்கட்டியாவது!" கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டார். கடிகாரத்தின் உள் சக்கரங்களைப் பார்க்கிற லென்ஸ். இலையைத் திருப்பினார். "அடியில பாருங்க, பொடிப்பொடியா பூச்சி. சோப்புத் தண்ணியை அடியிலயும் படுற மாதிரி தெளிச்சா ஓடிடும். நேத்தே தெளிக்கப் போனேன், இவதான் பரீட்சை முடியட்டும்னு தடுத்துட்டா."

வந்த அம்மாள் செடியைப் பார்க்கவில்லை. இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று இவருக்குத் தோன்றியது. போச்சு, மார்க் எல்லாம் போச்சு.

இருந்தாலும் மனைவி, "மண்புழு இருந்தா எடுத்து வீசிடணும் மேடம், வேரைத் தின்னுடும்" என்றதும், எந்த மனுஷனால் சும்மா இருக்க முடியும்?

"இவனா தின்பான்?" உள்ளங்கையில் ஒரு புழுவை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "சம்பளம் வாங்காத வேலைக்காரன் மேடம் இவன்!" புழுவைப் பதமாக மண்ணில் விட்டு, மேலே காய்ந்த இலைகளைப் போட்டு மூடினார்.

அப்புறம்தான் நிமிர்ந்து மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள்.

"மேடம், தப்பெல்லாம் என் மேல. இவ உளறினதை மனசுல வச்சுக்காதீங்க. போன வருஷம் வரைக்கும் நான் இந்த மாடிப்படி ஏறினதே இல்ல. கையில தூசி பட்டாலே எனக்கு ஆகாது. இவதான், 'எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, உங்க லென்ஸை வச்சு இந்த இலையைக் கொஞ்சம் பாருங்களேன்'னு கூப்பிடுவா. அப்படியே எனக்கும் தொத்திக்கிச்சு. எனக்கே இவ்வளவு தெரியுதுன்னா இவளுக்கு எவ்வளவு தெரியும்? தயவுபண்ணி ஃபெயில் ஆக்கிடாதீங்க. இவ அழுதா என்னால தாங்க முடியாது." அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

அந்த அம்மாள் எழுந்து போய் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போன தடவை உங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டு முழுக்க நீங்களே பேசினீங்க. அந்தப் பொண்ணு வாயே திறக்கல. இந்தத் தடவை ஜமாய்ச்சிட்டீங்க!" என்றவர், கடிகாரக்காரர் பக்கம் திரும்பினார். "செடின்னாலே ஓடுற ஒருத்தரைத் தோட்டக்காரரா மாத்திக் காட்டணும் சார், அதுவும் பரீட்சையே தன்னை வச்சுத்தான்னு அவருக்கே தெரியாம. அதான் எங்க பரீட்சை."

கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸ் மாட்டியபடியே திகைத்து நின்றார். "அப்போ... காலையில என்னை வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னியேடி?"

முந்தானையை எடுத்தாள் மனைவி. அழுகையாவது ஒன்றாவது, அத்தனையும் சிரிப்பு.

"பேசுங்கன்னு நான் சொல்லி, நீங்க என்னைக்குங்க பேசியிருக்கீங்க?"